256 மெகாபைட்டுக்குள் குடித்தனம்

லினக்ஸ் சர்வர் ஒன்று 'கெர்னல் பேனிக்' ஆகி விழும்போது திரையில் ஓடும் வரிகளைப் பெரும்பாலும் யாரும் பார்ப்பதில்லை. டேட்டா சென்டரில் அந்தப் பெட்டிக்கு மானிட்டரே இருக்காது. மின்விசிறி சுற்றிக்கொண்டிருக்கும், பச்சை விளக்குகள் எரியும், பிங் அடித்தால் மட்டும் பதில் வராது. கொஞ்ச நேரத்தில் பெட்டி தானாக ரீபூட் ஆகி, ஒன்றுமே நடக்காதது போல வேலைக்கு வந்து நிற்கும். காலையில் வரும் நிர்வாகிக்கு ஒரே ஒரு கேள்வி மிஞ்சும்: ஏன் விழுந்தது?

அதற்கான விடை நினைவகத்தில் இருந்தது. எந்த ப்ராசஸ் எந்தப் பூட்டைப் பிடித்துக்கொண்டு நின்றது, எந்தப் பாயின்டர் வெற்று முகவரியைக் காட்டியது, எந்த டிரைவர் கடைசியாக என்ன செய்துகொண்டிருந்தது எல்லாமே விழுந்த நொடியில் ராமில் அப்படியே இருந்தன. பேனிக் அவற்றை அழிக்கவில்லை, பிறகு வந்த ரீபூட்தான் அழித்தது. ரீபூட்டுக்கு முன்னால் மொத்த நினைவகத்தையும் 'டம்ப்' என்ற ஒரு கோப்பாக எழுதி வைத்துவிட்டால், நிதானமாக உட்கார்ந்து ஆராயலாம். ஆனால் எழுதப்போவது யார்? எழுதவேண்டிய கெர்னல்தானே செத்துக் கிடக்கிறது!

ஆரம்ப கால முயற்சிகள் எல்லாம் அந்தச் செத்த கெர்னலிடமே வேலையைக் கொடுத்தன. 1999-இல் எஸ்ஜிஐ நிறுவனத்தில் தொடங்கிய எல்கேசிடி, ரெட் ஹேட்டின் நெட்டம்ப், ஃபுஜிட்சு கொண்டுவந்த டிஸ்க்டம்ப் ஆகிய மூன்றும் இந்த வழிதான். எழுதும் இடம் வட்டா, நெட்வொர்க்கா என்பதில்தான் வித்தியாசம். கெர்னல் விழுந்ததற்குக் காரணமே வட்டு டிரைவராக இருந்தால் என்ன ஆகும்? அந்த டிரைவரின் பூட்டை எடுத்துக்கொண்ட சிபியு அப்படியே உறைந்து போயிருந்தால்? புத்தி கலங்கிய கெர்னல், டம்ப் எழுதுகிறேன் பேர்வழி என்று நல்ல தரவு இருக்கும் பகுதிமேல் எழுதிவிட்டால்? சில சமயம் டம்ப் கிடைத்தது, பல சமயம் கிடைக்கவில்லை. நம்ப முடியாதவரின் சாட்சியத்தை அவர் கையாலேயே எழுதி வாங்குவதில் உள்ள சிக்கல் இது.

இந்த முடிச்சை அவிழ்த்தது கேடம்ப். 2005 ஆகஸ்டில் வெளிவந்த லினக்ஸ் 2.6.13-இல் அது இடம்பெற்றது. அதற்கு அடித்தளம் எரிக் பீடர்மன் எழுதிய கெக்செக். பயாஸைத் தொடாமல், ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலிலிருந்து நேராக இன்னொரு கெர்னலுக்குத் தாவும் வசதி அது. அதை டம்ப் எடுக்கும் வேலைக்குத் திருப்பியதில் பெங்களூர் ஐபிஎம் லினக்ஸ் டெக்னாலஜி சென்டர் பொறியாளர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. விவேக் கோயல், பீடர்மன், ஹரிபிரசாத் நெல்லிதீர்த்தா மூவரும் சேர்ந்து அதே ஆண்டு ஆட்டவா லினக்ஸ் கருத்தரங்கில் அளித்த கட்டுரை, இன்றைக்கும் இந்தத் துறையில் நுழைபவர்களுக்கு நல்ல வாசல்.

யோசனை இதுதான். கணினி நல்ல உடம்போடு பூட் ஆகும்போதே நினைவகத்தில் ஒரு துண்டை ஒதுக்கிவிட வேண்டும். முதல் கெர்னல் அந்தப் பக்கமே போகக்கூடாது. இரண்டாவது கெர்னலையும், அதற்கு வேண்டிய சின்னக் கோப்பு அமைப்பையும் அந்தத் துண்டில் முன்கூட்டியே ஏற்றி வைத்துவிட வேண்டும். முதல் கெர்னல் விழும்போது அது செய்யவேண்டியது ஒன்றே ஒன்று: அந்த முகவரிக்குத் தாவுவது. தாவும் வழியில் சின்ன நிரல் ஒன்று, ஏற்றி வைத்த கெர்னல் சிதையாமல் இருக்கிறதா என்று எஸ்ஹெச்ஏ-256 கணக்குப் போட்டுச் சரிபார்க்கும். அதன்பின் இரண்டாவது கெர்னல், அதாவது கிராஷ் கெர்னல், புதிதாகக் கண்விழிக்கும். பழைய கெர்னலின் நினைவகம் முழுவதும் அதன் கண்ணுக்கு ஒரு கோப்பாகத் தெரியும். அதைப் படித்து வட்டிலோ வேறொரு சர்வரிலோ எழுதிவிட்டு, கணினியை ரீபூட் செய்துவிட்டுப் போய்ச் சேரும். சில நிமிட வாழ்க்கை.

அந்தச் சில நிமிடத்தை ஒதுக்கிய துண்டுக்குள்ளேயேதான் கழிக்க வேண்டுமா என்ற கேள்வி எழும். கணினியில் 512 ஜிகாபைட் இருக்கிறதே, முதல் கெர்னலும் போய்விட்டதே, தாராளமாக எடுத்துக்கொண்டால் என்ன?

ஒரு காரணம் வெளிப்படை. வெளியே இருப்பதெல்லாம் தடயம். மிதித்தால் கலைந்துவிடும். இன்னொரு காரணம் அவ்வளவு எளிதில் கண்ணில் படாது, ஆனால் ஆபத்தில் முதலாவதைவிடப் பெரியது. அது டிஎம்ஏ.

நெட்வொர்க் கார்டு ஒன்றை எடுத்துக்கொள்வோம். முதல் கெர்னல் நன்றாக ஓடியபோது அதன் டிரைவர் கார்டிடம் ஒரு பட்டியல் கொடுத்திருக்கும்: "பாக்கெட் வந்தால் இந்த முகவரியில் போடு, அடுத்ததை அந்த முகவரியில் போடு." அதற்குமேல் கார்டு சிபியுவைக் கேட்காது. பாக்கெட் வந்ததும் நேராக ராமில் எழுதும். கெர்னல் விழுந்த செய்தி கார்டுக்குத் தெரியாது. விழும்போது ஒவ்வொரு டிரைவரையும் கூப்பிட்டு "கடையை மூடு" என்று சொல்லலாமே என்றால், விழுந்த கெர்னலின் டிரைவர்களை நம்பக்கூடாது என்பதுதானே இந்த ஏற்பாட்டின் அடிப்படையே? ஆகவே யாரும் சொல்வதில்லை. இரண்டாவது கெர்னல் எழுந்து உட்கார்ந்த பிறகும், வெளியுலகிலிருந்து வந்த ஏதோ ஒரு பாக்கெட்டைக் கார்டு தன் பழைய பட்டியலில் உள்ள முகவரியில் எழுதிக்கொண்டேயிருக்கும். அந்த இடத்தில் கிராஷ் கெர்னல் தன் பேஜ் டேபிளை வைத்திருந்தால் கதை முடிந்தது. முதல் கெர்னல் ஒரு நாளும் தொடாத துண்டு என்றால், எந்தக் கருவியிடமும் அந்த முகவரி போயிருக்க வாய்ப்பில்லை. அந்த ஒதுக்கலின் உண்மையான மதிப்பு அதன் அளவில் இல்லை, அது தீண்டப்படாத இடம் என்பதில்தான் இருக்கிறது.

(ஐஓஎம்எம்யு உள்ள கணினிகளில் கருவிகளின் முகவரிகளை இடையில் நின்று மாற்றிக் கொடுக்கும் அட்டவணைகள் உண்டு. கிராஷ் கெர்னல் அவற்றைத் துடைத்துப்போட்டால், நடுவழியில் நிற்கும் டிஎம்ஏ அந்தரத்தில் தொங்கி, சில கார்டுகள் முரண்டு பிடித்து உறைந்துபோகும். அதனால் 2015-இல் வந்த லினக்ஸ் 4.2 முதல், இன்டெல் கணினிகளில் கிராஷ் கெர்னல் பழைய அட்டவணைகளை நகலெடுத்துக்கொண்டு, டிரைவர் தன் கருவியை ரீசெட் செய்யும்வரை அவற்றையே பயன்படுத்துகிறது. செத்தவரின் ஏற்பாடுகளைக் கொஞ்ச காலம் மதித்து நடந்துகொள்ள வேண்டியிருக்கிறது.)

சரி, எவ்வளவு ஒதுக்குவது? கேடம்ப் பிறந்த காலத்துக் கையேடுகளில் 16-ஆவது மெகாபைட்டில் தொடங்கி 64 மெகாபைட் ஒதுக்கு என்று இருக்கும். அன்றைக்கு அது போதுமானது. பிறகு 128 ஆனது. ரெட் ஹேட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 9-இன் இயல்பான அமைப்பு 1 முதல் 4 ஜிகாபைட் வரையுள்ள கணினிக்கு 192 மெகாபைட், 64 ஜிகாபைட் வரை 256, அதற்கு மேல் 512 என்று போகிறது. இருபது ஆண்டுகளில் எட்டு மடங்கு. கிராஷ் கெர்னல் செய்யும் வேலை மட்டும் அன்றும் இன்றும் ஒன்றுதான்: படி, எழுது, போ.

512 ஜிகாபைட் உள்ள பெட்டியில் அரை ஜிகாபைட் என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். 10,000 பெட்டி வைத்திருப்பவரிடம் கேட்டுப் பாருங்கள். ஏறத்தாழ 5 டெராபைட் ராம், என்றைக்கோ ஒருநாள் நடக்கப்போகும் விபத்துக்காகச் சும்மா கிடக்கிறது. மறுமுனையில், 2 ஜிகாபைட் வாடகைக்கு எடுத்த மெய்நிகர் கணினியில் 192 மெகாபைட் போய்விட்டால், கொடுத்த காசில் கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு போயிற்று. இந்த ஒதுக்கல் கணினி ஓடும் நாளெல்லாம் நடக்கும் செலவு. பயன் என்னவோ விழும் நாளில் மட்டும்தான்.

யார் தின்கிறார்கள் இந்த இடத்தை? கெர்னலும் அதன் கோப்பு அமைப்பும் கொஞ்சம் எடுக்கும். 4 ஜிகாபைட்டுக்கு மேலே ஒதுக்கினால், கீழே எட்டாத பழைய கருவிகளுக்காக 64 மெகாபைட் இடைத்தாங்கல் பஃபர் ஒன்று தேவைப்படும். மீதியில் பெரும்பங்கு டிரைவர்களின் வயிற்றுக்குள்தான் போகிறது. அவர்களைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. ஆயிரம் பேருக்கு இலை போட்டுப் பழகிய கல்யாணச் சமையல்காரரை இரண்டு பேருக்குச் சமைக்கச் சொன்னாலும் அவர் கை அண்டாவைத்தான் தேடும். டிரைவர் எழுதுபவருக்கு வருடம் முழுவதும் கேட்கும் குரல் ஒன்றுதான்: "வேகம் போதவில்லை." வேகத்துக்கு வழி அதிக வரிசைகள், நீளமான வரிசைகள், முன்கூட்டியே நிரப்பி வைத்த பஃபர்கள். எல்லாம் நினைவகம்.

ஒரு டிரைவரைக் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். இன்டெல்லின் எக்ஸ்எல்710 குடும்பத்து 10, 40 ஜிகாபிட் கார்டுகளுக்கான டிரைவர் ஐ40இ. இந்தக் கார்டுக்குள் ஃபர்ம்வேர் ஒன்று ஓடுகிறது. டிரைவரும் ஃபர்ம்வேரும் பேசிக்கொள்ள 'அட்மின் க்யூ' என்று இரண்டு வரிசைகள் உண்டு. ஒன்றில் டிரைவர் கட்டளை அனுப்பும், மற்றொன்றில் ஃபர்ம்வேர் செய்தி அனுப்பும். இரண்டுக்கும் வழக்கமான நீளம் 256. ஒவ்வொரு இடத்துக்கும் 4 கிலோபைட் பஃபர். ஆக ஒரு வரிசைக்கு 1 மெகாபைட், இரண்டுக்கு 2 மெகாபைட். இது போர்ட் ஒன்றுக்கான கணக்கு. நான்கு போர்ட் கார்டு இரண்டு செருகிய சர்வரில், ஒரு பாக்கெட்கூட வருவதற்கு முன்பே, டிரைவர் ஏறிய உடனேயே 16 மெகாபைட் காலி. டம்ப்பை எழுத நெட்வொர்க்கே தேவைப்படாத சர்வராக இருந்தாலும், டிரைவர் ஏறிவிட்டால் இதுதான் கதி.

அடுத்து பாக்கெட் வாங்கும் வளையம். வழக்கமாக ஒரு வளையத்தில் 512 டிஸ்கிரிப்டர்கள். 4 கிலோபைட் பேஜ் உள்ள கணினியில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பேஜ் முன்கூட்டியே நிரப்பி வைக்கப்படும். 512-ஐ 4 கிலோபைட்டால் பெருக்கினால் 2 மெகாபைட். சிபியு ஒன்றுக்கு ஒரு வளையம் என்று வைத்தால், 64 சிபியு உள்ள பெட்டியில் ஒரே போர்ட் 128 மெகாபைட் கேட்கும். முதல் கெர்னலில் அதை யாரும் கவனிக்கமாட்டார்கள். 256 மெகாபைட்டுக்குள் குடித்தனம் நடத்தும் கிராஷ் கெர்னலிலோ அது பாதி வீடு.

கிராஷ் கெர்னலை ஒரே சிபியுவோடு எழுப்புவதுதான் பொதுவான வழக்கம். அதனால் வரிசைகளின் எண்ணிக்கை ஓரளவு தானாகவே குறையும் என்பது உண்மைதான். ஆனால் அது எல்லாக் கணினிகளிலும் நடப்பதில்லை. ஐபிஎம் பவர் போன்றவற்றில் நெடுங்காலம் பயன்பட்ட அமைப்பு, 'எல்லா சிபியுக்களும் இருக்கின்றன, ஆனால் ஒன்றை மட்டும் எழுப்பு' என்பது. எழுந்தவற்றை எண்ணாமல் இருப்பவற்றை எண்ணும் டிரைவர், தூங்கும் சிபியுக்களுக்கும் சேர்த்து இடம் எடுத்துவிடும். வரிசை ஒன்றானாலும் அதன் நீளம் குறைந்ததா என்றால், அதுவும் இல்லை.

2021-இல் ஐ40இ டிரைவரில் மூன்று சிறு திருத்தங்கள் சேர்ந்தன. கிராஷ் கெர்னலில் ஓடுகிறோம் என்று தெரிந்தால், வரிசை ஜோடியை ஒன்றாக்கு. வளையத்தில் 512-க்குப் பதில் கார்டு ஏற்கும் குறைந்தபட்சமான 64 போதும். அட்மின் க்யூவையும் அடிமட்டத்துக்குக் கொண்டு வா. கடைசித் திருத்தத்தில் ஒரு சுவாரசியம் உண்டு. செய்தி வாங்கும் வரிசையை 1 வரை குறைக்கலாம், கட்டளை அனுப்பும் வரிசையை 2-க்குக் கீழே இறக்க முடியாது. ஒன்று என்று வைத்தால் ஃபர்ம்வேர் எழுந்திருக்கவே மறுக்கிறது. ஆகவே 1, 2. மூன்று பஃபர், 12 கிலோபைட். 2 மெகாபைட்டிலிருந்து 12 கிலோபைட்! மாற்றிய வரிகளை எண்ணினால் ஒரு பக்கத்தில் அடங்கிவிடும்.

இவ்வளவு குறைத்தால் வேகம் போகாதா? போகும், ஆனால் யாருக்கும் வலிக்காது. டம்ப் எடுக்கும் கெர்னலின் போக்குவரத்து ஏறக்குறைய ஒருவழிப் பாதை. ஜிகாபைட் கணக்கில் வெளியே போகும், உள்ளே வருவது 'கிடைத்தது, கிடைத்தது' என்ற சின்னச் சின்ன ஒப்புதல் பாக்கெட்டுகள் மட்டும். அதற்கு 512 பேஜ் திறந்து வைத்துக் காத்திருக்கத் தேவையில்லை. தவிர, கிராஷ் கெர்னலில் வேகத்தைக் கட்டிப்போடுவது பெரும்பாலும் ஒரே சிபியு உட்கார்ந்து டம்ப்பை அமுக்கும் வேலைதான், நெட்வொர்க் அல்ல.

தான் கிராஷ் கெர்னலில் இருப்பது டிரைவருக்கு எப்படித் தெரியும்? இரண்டாவது கெர்னலை ஏற்றி வைக்கும்போதே, முதல் கெர்னலின் நினைவக வரைபடம் எந்த முகவரியில் இருக்கிறது என்பதை அதன் பூட் வரியில் எழுதி வைத்துவிடுகிறார்கள். அப்படி ஒரு முகவரி வந்திருந்தால் இது கிராஷ் கெர்னல், வராவிட்டால் சாதாரண கெர்னல். இதைக் கேட்டுச் சொல்ல 'இஸ் கேடம்ப் கெர்னல்' என்ற பெயரில் குட்டி ஃபங்ஷன் இருக்கிறது. டிரைவர் எழுதுபவர் ஒரு 'இஃப்' போட்டால் போதும். மெல்லனாக்ஸ் கார்டுகளின் எம்எல்எக்ஸ்4 டிரைவர் இதைக் கேட்டுத் தன்னைக் 'குறைந்த நினைவகம்' என்ற நிலைக்கு மாற்றிக்கொள்கிறது. அதற்கு அடுத்த தலைமுறையான எம்எல்எக்ஸ்5, சேனல்களை ஒன்றாக்குகிறது. பிராட்காம் டிரைவர்களும் அப்படியே. சேமிப்புப் பக்கத்தில் எம்பிடி3சாஸ், ஒரே சமயத்தில் கையாளும் கோரிக்கைகளை 200-க்குள் அடக்கிக்கொள்கிறது.

இப்படி ஆளாளுக்கு ஒரு 'இஃப்' போடுவதற்குப் பதில், பொதுவான ஓர் இடத்தில் கட்டுப்படுத்திவிட்டால் எல்லா டிரைவரும் அடங்கிவிடுமே என்ற ஆசை எழுவது இயல்பு. வட்டுப் பக்கத்தில் அதைச் செய்தும் பார்த்தார்கள். எல்லா வட்டு டிரைவர்களுக்கும் மேலே உட்கார்ந்திருக்கும் பிளாக் அடுக்கில், கிராஷ் கெர்னல் என்றால் வரிசை ஒன்றே ஒன்று, அதில் அதிகபட்சம் 64 கோரிக்கை என்று விதித்தார்கள். என்விஎம்இ முதல் பழைய ஸ்கசி வரை எல்லோருக்கும் ஒரே அடியில் பத்தியச் சாப்பாடு.

பல ஆண்டு நன்றாகவே ஓடியது. பிறகு ஒரு வினோதமான புகார் வந்தது: சில கணினிகளில் கிராஷ் கெர்னல் எழுகிறது, வட்டைக் கண்டுபிடிக்கிறது, எழுத ஆரம்பித்ததும் அப்படியே நின்று டைம்அவுட் ஆகிறது. காரணத்தைத் தேடியபோது, நான் மேலே சொன்ன தூங்கும் சிபியுக்கள் வந்து நின்றன. டிரைவர் எல்லா சிபியுவையும் எண்ணிப் பல வரிசைகளைக் கார்டில் அமைத்துவிட்டது. மேலே பிளாக் அடுக்கோ "இருப்பது ஒரே வரிசை" என்று நம்புகிறது. அந்த ஒரே வரிசை கார்டில் எதனோடு இணைந்திருக்கிறது? எழாத ஒரு சிபியுவோடு. வேலை முடிந்ததும் கார்டு இன்டரப்ட் அடிக்கிறது, கேட்க அங்கே ஆள் இல்லை. நினைவகத்தை மிச்சம் பிடிக்கப் போட்ட விதி, டம்ப்பையே நிறுத்திவிட்டது. கடைசியில் பிளாக் அடுக்கிலிருந்து 'ஒரே வரிசை' விதியை எடுத்துவிட்டார்கள். 64 என்ற வரம்பு மட்டும் இன்றும் இருக்கிறது.

இந்தக் கதையிலிருந்து நான் எடுக்கும் முடிவு கொஞ்சம் கறாரானது. வரிசையின் ஆழத்தை மேலிருந்து குறைக்கலாம், அதில் யாருக்கும் குழப்பம் வராது. வரிசைகளின் எண்ணிக்கை அப்படியல்ல. அது டிரைவருக்கும் வன்பொருளுக்கும் இடையே உள்ள உடன்படிக்கை. மூன்றாவது ஆள் அதில் கை வைத்தால் இருவரும் இரு வேறு கணக்கு வைத்துக்கொள்வார்கள். ஃபர்ம்வேர் ஒன்றை ஏற்காது, இரண்டை ஏற்கும் என்ற விவரம் ஐ40இ எழுதுபவருக்கு மட்டும்தான் தெரியும். ஆகவே 'இஃப்' போடும் சலிப்பான வேலையை டிரைவர்காரர்கள்தான் செய்தாக வேண்டும். குறுக்கு வழி இல்லை.

இவ்வளவு சிக்கனத்துக்கு நடுவே, எதிர்த் திசையில் ஓடிய ஒரு யோசனையும் லினக்ஸில் நுழைந்தது. 2018-இல், கிராஷ் கெர்னலில் ஓடும் டிரைவர்கள் தங்கள் கருவியின் உள் நிலவரத்தையும், அதாவது ஃபர்ம்வேர் பதிவுகள், ரெஜிஸ்டர்கள் போன்றவற்றையும், டம்ப்போடு சேர்த்துக் கொடுக்கலாம் என்று வசதி செய்தார்கள். செல்சியோ கார்டுகளின் டிரைவர் அதை முதலில் பயன்படுத்தியது. நோக்கம் நல்லதுதான், கார்டே குற்றவாளி என்றால் இதைவிட நல்ல தடயம் கிடையாது. ஆனால் சேகரித்த தரவை வைப்பது எங்கே? அதே 256 மெகாபைட்டுக்குள். எவ்வளவு சேர்க்கலாம் என்பதற்கும் வரம்பு வைக்கவில்லை. விளைவு, அந்த வசதியை அணைக்கத் தனியாக ஒரு பூட் அளவுரு வந்தது. டிரைவர்கள் வரம்பில்லாமல் சேர்ப்பதால் நினைவகத்துக்குப் பெரும் நெருக்கடி வரலாம் என்று கெர்னலின் சொந்தக் கையேடே எச்சரிக்கிறது. ரெட் ஹேட் தன் கிராஷ் கெர்னலின் இயல்பான பூட் வரியிலேயே அதை அணைத்து வைத்திருக்கிறது.

அந்த பூட் வரியை முழுதாகப் படித்தால் ஒரு வறுமைக் கோட்டுப் பட்ஜெட்டைப் படிப்பது போலிருக்கும். சிபியு ஒன்று. நூமா வேண்டாம். நினைவகக் கணக்கு வைக்கும் சிகுரூப் வேண்டாம். பெரிய பேஜ்கள் வேண்டாம். டிரைவர்களை ஏற்றும் யுடெவ் ஒரே சமயத்தில் இரண்டு பேருக்கு மேல் வேலைக்கு வைக்கக்கூடாது. இந்தக் கெர்னலும் பேனிக் ஆனால், பத்து வினாடியில் ரீபூட். டம்ப்பை வடிகட்டி எழுதும் மேக்டம்ப்ஃபைல் என்ற கருவிக்கும் இந்தக் கட்டுப்பாடு உண்டு. எந்தப் பேஜ் வேண்டும், எது வேண்டாம் என்ற குறிப்பு வைக்கவே, டெராபைட் கணக்கில் ராம் உள்ள கணினியில் ஏகப்பட்ட இடம் பிடித்தது. இப்போது அது நினைவகத்தைத் துண்டு துண்டாகச் சுற்றி வந்து, குறிப்பேட்டின் அளவை ஒரு வரம்புக்குள் வைத்துக்கொள்கிறது.

ஒதுக்கலைக் கூட்டுவதா, டிரைவரைக் குறைப்பதா என்ற வாதம் முடிந்துவிடவில்லை. அண்மையில் வந்த ஒரு நடுவழி: கூடுதலாக வேண்டிய பகுதியை, சாதாரண நாளில் பயனர் நிரல்களுக்கு வாடகைக்கு விடுவது. கெர்னல் தன் சொந்தத் தரவை அங்கே வைக்காது. விழுந்த பிறகு கிராஷ் கெர்னல் அதை எடுத்துக்கொள்ளும். பயனர் நிரலின் பேஜ்கள் அழிந்துபோகும், ஆனால் கெர்னல் ஏன் விழுந்தது என்று ஆராய அவை பெரும்பாலும் தேவைப்படாது. சமர்த்தான ஏற்பாடுதான். இருந்தாலும் தீண்டப்படாத இடம் என்ற பழைய உத்தரவாதம் இங்கே கொஞ்சம் தளர்கிறது. பயனரின் பேஜுக்கும் டிஎம்ஏ நடக்கலாம் அல்லவா? அதனால் டிஎம்ஏ அடங்கக் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டுத்தான் உள்ளே போகிறார்கள்.

இதெல்லாம் சரியாக அமையாதபோது என்ன நடக்கும் என்பதைச் சீரியல் கன்சோல் இணைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். முதல் கெர்னலின் பேனிக் வரிகள் ஓடி முடியும். திரை ஒரு கணம் நிற்கும். இரண்டாவது கெர்னலின் முதல் வரி, நேரம் பூஜ்யத்திலிருந்து எண்ணத் தொடங்கும். டிரைவர்கள் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லும். பிறகு 'பேஜ் அலொகேஷன் ஃபெய்லியர்' என்று ஒரு வரி, அதன் கீழே எந்த டிரைவர் கேட்டது என்ற நீண்ட பட்டியல். அடுத்து 'அவுட் ஆஃப் மெமரி'. கெர்னல் யாரையாவது கொன்று இடம் பிடிக்கப் பார்க்கும். அந்தக் குட்டிக் குடும்பத்தில் கொல்லக் கிடைப்பவர் யார்? டம்ப் எழுதிக்கொண்டிருக்கும் அதே மேக்டம்ப்ஃபைல். அதன்பின் ரீபூட். காலையில் வரும் நிர்வாகி கோப்புறையைத் திறந்தால் முழுமையடையாத கோப்பு ஒன்று கிடக்கும், அல்லது அதுவும் இருக்காது.

உங்கள் பொறுப்பில் சர்வர் இருந்தால், ஒதுக்கலைக் கண்ணை மூடிக்கொண்டு 512-லிருந்து 1024 ஆக்குவதற்கு முன் அளந்து பாருங்கள். எந்த மாட்யூல் எவ்வளவு எடுக்கிறது என்று பூட் நேரத்திலேயே சொல்லும் மெம்ஸ்ட்ராக் என்ற கருவி இருக்கிறது. ரெட் ஹேட் வகை லினக்ஸில் கேடம்ப் கட்டளைக்கு 'எஸ்டிமேட்' என்று கொடுத்தால், எவ்வளவு ஒதுக்க வேண்டும் என்ற பரிந்துரையோடு பெரிய மாட்யூல்களின் பெயரையும் காட்டும். வட்டில் டம்ப் எழுதும் பெட்டிக்குக் கிராஃபிக்ஸ் டிரைவர் எதற்கு, நெட்வொர்க் டிரைவர் எதற்கு? தேவையில்லாததைக் கிராஷ் கெர்னலில் ஏற்றாமல் விடுவதுதான் ஆகக் குறைந்த செலவு. அந்த டிரைவருக்கு 'இஃப்' போட யாருக்கும் தோன்றியிருக்காவிட்டாலும் கவலையில்லை.

கார்டு மாற்றினாலும், கெர்னல் பதிப்பை உயர்த்தினாலும், வேலைக்கு விடுவதற்கு முன் ஒருமுறை வேண்டுமென்றே விழவைத்துப் பாருங்கள். சிஸ்ஆர்க்யூ ட்ரிகர் கோப்பில் 'சி' என்ற ஒரே எழுத்தை எழுதினால் போதும், கெர்னல் அங்கேயே விழும். ரீபூட் ஆனதும் டம்ப் கோப்பு இருக்கிறதா என்று மட்டும் பார்த்து நிறுத்திவிடாதீர்கள். 'கிராஷ்' கருவியில் அதைத் திறந்து, ப்ராசஸ் பட்டியல் வருகிறதா என்றும் பாருங்கள். அது வந்தால் உங்கள் ஒதுக்கல் அந்தக் கெர்னலுக்கும் அந்தக் கார்டுகளுக்கும் போதும். இரண்டில் எது மாறினாலும் மறுபடி பார்க்க வேண்டும்.